அறிக்கை எழுதப் போகிறவர்கள் படிக்க வேண்டிய வரலாறு

சமூகப்பணி படிக்கும் நம் தம்பி தங்கைகளில் சிலர் நாளை நன்னடத்தை அலுவலர்களாகப் போகிறவர்கள். நீதிமன்ற வட்டாரத்தில் புரொபேஷன் ஆபீசர் என்பார்கள். பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்திலிருந்து அந்தப் பணிக்குப் போகும் ஒருவருக்கு உண்மையிலேயே உதவும் பாடநூல் எப்படி இருக்க வேண்டும்? நம் பதில் இதுதான்: சட்டப் பிரிவுகளுக்கு முன்னால் அதில் நம் மண்ணின் வரலாறு இருக்க வேண்டும்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், குற்றம் நிரூபிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், கண்காணிப்பில் வீட்டிலேயே இருந்து திருந்தி வாழ வழிசெய்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. நீதிபதி முடிவெடுக்க உதவுவது அலுவலரின் அறிக்கை. குற்றம் சாட்டப்பட்டவரின் சூழ்நிலையையும் வீட்டுச் சுற்றுப்புறத்தையும் விசாரித்து எழுதுவது அவர் கடமை என்கிறது 14ஆம் பிரிவு.

சுற்றுப்புறம் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்போம். நம் ஊர்களில் சுற்றுப்புறம் என்றால் ஊரா, சேரியா என்பதுதான் முதல் கேள்வி. காலனியில் ஓர் ஓட்டு வீடு, கரும்பு வெட்டப் போயிருக்கும் அப்பா, பாதியில் நின்ற படிப்பு: இதைப் பார்த்துவிட்டு ‘சூழல் சரியில்லை’ என்று ஓர் அலுவலர் எழுதலாம். அதே வீட்டைப் பார்த்து, ‘உழைக்கும் குடும்பம், பையனைக் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறது’ என்று இன்னொருவர் எழுதலாம். இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் ஒரு பையனின் வாழ்க்கை இருக்கிறது.

இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செருப்புத் தைத்து வாழ்ந்த ஜான் அகஸ்டஸ். 1841இல், குடித்ததற்காகக் கூண்டில் நின்ற ஒருவரைத் தன் பொறுப்பில் ஜாமீனில் எடுத்தார். தொடர்ந்து 1859இல் சாகும்வரை ஏறத்தாழ 2,000 பேருக்குப் பொறுப்பேற்றார். தோலைத் தொட்டவனைத் தீண்டத்தகாதவன் என்ற நாட்டில், இந்தப் பணியின் முன்னோடி ஒரு செருப்புத் தொழிலாளி என்பதைப் பாடநூலின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.

நம் பக்கம் நடந்ததோ வேறு. சென்னை மாகாணத்தில் குற்றத்தைப் பற்றி வந்த பழைய கையேடுகளில் ஒன்று, 1892இல் முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி எழுதியது. மாகாணத்தின் ‘குற்றப் பிரிவினர்’ என்று சாதிவாரியாக மக்களைப் பட்டியலிட்ட நூல் அது. குறவர்களும் அதில் உண்டு. தனிமனிதரின் செயலைப் பார்க்காமல் பிறப்பைப் பார்க்கப் போலீசுக்குச் சொல்லிக்கொடுத்த பாடநூல் அது.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டபின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நமக்கு அருகிலிருக்கும் வேப்பூரின் பெயரைச் சுமந்த ‘வேப்பூர்ப் பறையர்’ அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். தென்னாற்காட்டின் அஸீஸ் நகர் குடியேற்றத்தில் அடைக்கப்பட்டார்கள். கைரேகை, பதிவேடு, ஊரைவிட்டுப் போக அனுமதி என்று வாழ்க்கையே காவலானது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது.

இதே மாகாணத்தில்தான் 1936ஆம் ஆண்டின் சென்னை குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமும் இயற்றப்பட்டது. பத்தாண்டுக் காலம் இரண்டு சட்டங்களும் அருகருகே நடந்தன. குற்றம் செய்தவனும் திருந்துவான், வீட்டுக்கு அனுப்பு என்றது ஒன்று. குற்றமே செய்யாதவனும் பிறவியிலேயே குற்றவாளி, பதிவேட்டில் ஏற்று என்றது மற்றொன்று. கருணை யாருக்கு, கண்காணிப்பு யாருக்கு என்பதைச் சாதி பிரித்துக் கொடுத்தது.

1947இல் சென்னை மாகாணம் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952இல் நீங்கியது. ஆனால் சென்னையில் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. பதிவேட்டின் பெயர் மாறியது, பார்வை மாறவில்லை. 1993இல் முதனை ராசாக்கண்ணு திருட்டுப் புகாரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்டு, காவலில் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. அவர் குறவர் சமூகத்தவர். முல்லாலியின் நூல் வந்து அப்போது நூறாண்டு கடந்திருந்தது.

இனி வரலாற்றின் மறுபக்கம். நன்னடத்தைச் சலுகை ஆதிக்கச் சாதிக் குற்றவாளிக்குத் தப்பிக்கும் வழியாகலாம் என்பதை நாடாளுமன்றமே உணர்ந்தது. நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து எழுந்த தலைவர் எல்.இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைந்த குழு, 1969இல் அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1976இல் தீண்டாமைச் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமானது. அபராதத்தோடு விட்டுவிட முடியாதபடி குறைந்தபட்சச் சிறைத் தண்டனை வந்தது. சமரசம் பேசி முடிக்கும் வழி அடைபட்டது. 14 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் நன்னடத்தைச் சட்டம் பொருந்தாது என்று 16அ பிரிவு சேர்ந்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 19ஆம் பிரிவில், 18 வயதுக்கு மேற்பட்ட குற்றவாளிக்கு அந்தச் சலுகையை மறுத்தது.

இது முரண்பாடு இல்லையா என்று சில நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. தவறிய ஒருவனைச் சுற்றியுள்ள சமூகம் திருத்தும் என்ற நம்பிக்கையில்தான் நன்னடத்தைச் சட்டம் நிற்கிறது. வன்கொடுமை செய்தவனைச் சுற்றியுள்ள சாதி அவனைத் திருத்தாது, மாலை போட்டு வரவேற்கும். அவனுக்கு அவன் சுற்றுப்புறமே கேடயம். இந்த வேறுபாட்டைச் சொல்லித்தராத பாடநூல் பாதி நூல்தான்.

தோழர்களே, இந்தச் சட்டத்தில் நாம் கையில் எடுக்க வேண்டியவை மூன்று. முதலாவது 6ஆம் பிரிவு. குற்றவாளி 21 வயதுக்குக் கீழ் என்றால், ஆயுள் தண்டனைக்கு உட்படாத குற்றத்தில் அவரைச் சிறைக்கு அனுப்பலாமா என்று முடிவுசெய்யும் முன் நீதிமன்றம் அலுவலரின் அறிக்கையைக் கேட்டாக வேண்டும். நம் பிள்ளைகளின் வழக்கறிஞர்கள் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். இரண்டாவது 7ஆம் பிரிவு. அறிக்கை ரகசியமானது, ஆனாலும் அதன் சாரத்தைக் குற்றவாளிக்குச் சொல்லி, பதில் சான்று தர வாய்ப்பளிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சேரி என்பதற்காகவே எதிராக எழுதியிருந்தால் அங்கேதான் மறுக்க முடியும். மூன்றாவது 12ஆம் பிரிவு. இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு வராது.

2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில், சிறை விதிகளிலிருந்த சாதிப் பாகுபாடுகளைச் செல்லாது என்றது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பார்வையையும் கண்டித்தது. சிறைக்குள் இருந்த சாதியைப் பற்றி நீதிமன்றம் பேசிவிட்டது. சிறைக்கு வெளியே, ஒரு வெள்ளைத் தாளில் ‘வீட்டுச் சுற்றுப்புறம்’ என்ற தலைப்புக்குக் கீழே என்ன எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டியவர்கள் நாம். அந்தப் பேனாவைப் பிடிக்கப் போகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும். பிடிப்பவர் யாராக இருந்தாலும் வேப்பூரின் கதை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.