குளியலறைக்குள் நுழைந்த இரண்டு எண்கள்

மின்சாரம் வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில் மக்கள் பெரிதும் அஞ்சியது தீவிபத்துக்கே. அமெரிக்காவில் 1897-ஆம் ஆண்டு வெளியான தேசிய மின்விதித் தொகுப்பும் அந்த அச்சத்தில் பிறந்ததுதான். 1911 முதல் அதைப் பேணி வருவது தேசியத் தீத்தடுப்புச் சங்கம் என்பதிலிருந்தே அதன் முதல் நோக்கம் விளங்கும். கம்பி சூடேறி வீடு பற்றிக்கொள்ளாமல் காக்கப் பியூஸ் இருந்தது. கம்பியைத் தொட்ட மனிதனைக் காக்க எது இருந்தது? நெடுங்காலம் வரை எதுவுமில்லை.

பியூஸ் ஏன் போதாது?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உலர்ந்த தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். குளித்த ஈரத்தோடு நிற்பவரின் உடலில் அது ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடலாம். அமெரிக்க வீடுகளின் மின்னழுத்தம் 120 வோல்ட். ஆகவே அவர் உடல் வழியே 120 மில்லி ஆம்பியர் பாயக்கூடும். அது மார்பின் வழியே ஒரு நொடி பாய்ந்தாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் பிரியலாம். ஆனால் 15 ஆம்பியர் பியூஸுக்கு 120 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே அன்று. அதன் தாங்கும் அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மனிதன் மாண்ட பின்னும் பியூஸ் அப்படியே இருக்கும்.

மனித உடலின் எல்லை

மனிதனைக் காக்க வேண்டுமானால், அவன் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்குவான் என்பது முதலில் தெரிய வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல் 1940களில் இதை அளக்க முற்பட்டார். தாமாக முன்வந்த 134 ஆண்களும் 28 பெண்களும் சோதனைக்கு உட்பட்டனர். மின்னோட்டம் பாயும் கம்பியைக் கையில் பிடித்திருப்பார்கள். ஓட்டம் சிறிது சிறிதாகக் கூட்டப்படும். தசைகள் இறுகிக் கையை விடுவிக்க முடியாமற் போகும் எல்லை எது என்பதே கேள்வி. ஆண்களின் சராசரி 16 மில்லி ஆம்பியர். பெண்களின் சராசரி 10.5. ஏறத்தாழ எல்லோரும் விடுபடக்கூடிய அளவு எனக் கொள்ளப்பட்டவை ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6.

காக்கும் கருவி இந்த எல்லைக்கும் கீழே செயல்பட வேண்டும். 1961-இல் டால்சியல் அமைத்த கருவி 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்தது. அதன் தத்துவம் எளிது. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒரு காந்த வளையத்தின் நடுவே செல்கின்றன. போனது முழுவதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பகுதி மனித உடல் வழியே பூமிக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கும். உடனே இணைப்பு அறும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கென ஹென்றி ரூபின் என்பவர் 1950களிலேயே இத்தத்துவத்தில் கருவி செய்திருந்தார். நம் ஊர் மின்பணியாளர்கள் அறிந்த எர்த் லீக்கேஜ் பிரேக்கரும் இக்குடும்பத்ததே.

விதியாக மலர்ந்தது

கருவி கிடைத்த பின்னர் விதி படிப்படியாக வளர்ந்தது. 1968-இல் நீச்சல் குளங்களில் தொடங்கி, 1975-இல் குளியலறைச் செருகுகுழிகளுக்கும், 1987-இல் சமையலறைக்கும் இக்காப்பு கட்டாயமாயிற்று. இதே ஆபத்துக்குப் பிரிட்டன் வேறு விடை கண்டது. குளியலறையில் சவரக் கருவிக்குரிய தனி இணைப்பைத் தவிர வேறு செருகுகுழியே கூடாது என்றது. 2008-இல்தான், குளிக்கும் இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி வைக்க இசைந்தது.

அமெரிக்கக் குளியலறையில் மற்றொரு சிக்கலும் எழுந்தது. தலைமுடி உலர்த்தும் கருவிகள் 1,875 வாட் வரை வளர்ந்தன. அத்தகைய ஒன்றே 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எனவே 1996-ஆம் ஆண்டுப் பதிப்பு, குளியலறைச் செருகுகுழிகளுக்கு 20 ஆம்பியர் மின்சுற்று ஒன்று தனியே வேண்டும் என விதித்தது. ஆக, ஒரே சுவரில் இரண்டு எண்கள் காவல் நிற்கின்றன: 20 ஆம்பியர் கம்பிக்கு, 5 மில்லி ஆம்பியர் மனிதனுக்கு. முன்னது பின்னதைப்போல் 4,000 மடங்கு!

இக்காவலுக்கும் எல்லை உண்டு. இரண்டு கம்பிகளையும் ஒருங்கே பற்றி, பூமிக்குக் கசிவு இல்லாமல் நிற்பவரை இக்கருவி அறியாது. விதிக்கும் எல்லை உண்டு. புதிய பதிப்பு பொதுவாகப் புதுக் கட்டுமானத்தையே கட்டுப்படுத்தும். 1975-க்கு முந்திய வீடு, பழுது பார்க்கப்படும் வரை பழைய நிலையிலேயே இருக்கலாம். கருவியும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுதாகும். அதனால்தான் அதன் முகத்தில் ஒரு சோதனைப் பொத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும். மின்சாரம் நின்றால் காவலன் விழித்திருக்கிறான். நிற்காவிட்டால், மின்பணியாளரை அழைக்கும் வரை அந்தச் செருகுகுழியைத் தொடாமலிருப்பதே அறிவுடைமை.