வைரமும் நீலமும்

இறம்பொடைப் பகுதித் தோட்டங்களில் திருமண நிச்சயத்தைப் பரிசம் போடுதல் என்பர். பெரியோர் முன்னிலையில் தாம்பூலமும் சேலையும் கைமாறுவதே அதன் சாரம். அண்மைக்காலத்தில் மோதிரம் மாற்றும் வழக்கமும் அதனோடு சேர்ந்துகொண்டது. கொழும்பில் உழைக்கும் எமது பழைய மாணவருட் சிலர், வைரம் பதித்த மோதிரம் இன்றேல் மதிப்பில்லை எனக் கருதிக் கடன்படவும் துணிகின்றனர். வைரமா, வேறு கல்லா என்னும் வினாவுக்கு நகைக்கடைக்காரர் விலையைக் காட்டி விடையளிப்பார். வரலாறு தரும் விடை வேறு.

வைரத்துக்கும் மணவினைக்கும் உள்ள உறவு பொதுமக்களைப் பொறுத்தவரை மிகப் பிந்தியது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகின் வைரங்களிற் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்தே சென்றன. கோல்கொண்டாவின் கற்கள் மன்னரின் முடிகளுக்கே உரியனவாயிருந்தன. 1867இல், தென்னாபிரிக்காவின் ஓரேஞ்சு ஆற்றங்கரையிற் கிடைத்த கல்லொன்று வைரமென உறுதியாயிற்று. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டதும் அதே ஆண்டில்தான்! கிம்பர்லியில் ஆபிரிக்கத் தொழிலாளரை ஒப்பந்தகாலம் முடியும்வரை வேலியடைத்த குடியிருப்புகளிற் பூட்டிவைத்தனர். வெளியேறும்போது உடலைச் சோதித்தனர். லயத்திலே பிறந்த எமக்கு இக்காட்சி முற்றிலும் அந்நியமானதன்று.

அங்கே கற்கள் குவியத் தொடங்கவே விலை வீழுமென்ற அச்சம் முதலாளிகளைப் பற்றிக்கொண்டது. 1888இல் செசில் ரோட்ஸ் சுரங்கங்களை டி பியர்ஸ் என்ற ஒரே கம்பனியின்கீழ் இணைத்தார். சந்தைக்கு வரும் கல்லின் அளவைக் கம்பனி கட்டுப்படுத்தியது. ஆயினும் வாங்குவோரின் ஆசையையும் வளர்க்கவேண்டியிருந்தது. வைரம் என்றும் அழியாதது என்ற பொருள்படும் விளம்பர வாசகத்தை, 1947இல் அமெரிக்க விளம்பர நிறுவனமொன்றிற் பணியாற்றிய பிரான்சிஸ் கெரட்டி என்ற பெண்மணி எழுதினார். காதலுக்கு வைரமே சான்று என்னும் நம்பிக்கை இவ்வாறு ஊட்டி வளர்க்கப்பட்டதேயன்றி, மரபாக வந்ததன்று.

இனி எமது நாட்டு நீலக்கல்லை நோக்குவோம். இரத்தினபுரிக் குழிகளில் நீலத்தோடு கெவுடா எனப்படும் பால்நிறக் கற்களும் கிடைப்பதுண்டு. இவற்றை மதிப்பற்றவையென ஒதுக்கிய காலம் இருந்தது. 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை மலிந்த விலைக்கு வாங்கிச் சென்றனர். 1,500 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் கல்லினுள்ளே இருக்கும் நுண்ணிய ஊசிகள் கரைகின்றன. அவற்றிலுள்ள தைத்தேனியம் இரும்போடு சேர்ந்து நீலநிறத்தைத் தருகிறது. நாம் ஒதுக்கிய கல் பாங்கொக்கிலே பெருவிலை பெற்றது. நுட்பம் இங்கு வந்து சேருமுன் எத்தனையோ மூட்டைகள் கடல் கடந்துவிட்டன. கொழுந்து இங்கே பறிக்கப்பட, இலாபம் இலண்டன் மின்சிங் லேன் ஏலத்திலே பிறந்த கதையின் மறுபதிப்பே இது.

1981இல் டயானா அணிந்த நிச்சய மோதிரத்தில் 12 கரட் நீலக்கல் விளங்கியது. அது இலங்கைக் கல் என்றே பரவலாகக் கூறுவர். எம்மவரோ நீலத்தைச் சனியின் கல்லென்று அஞ்சுகின்றனர். பூமியிலே அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்து உருவான பொருளுக்குக் கிரகத்தோடு என்ன பகை? வைரத்துக்கு விளம்பரம், நீலத்துக்குச் சோதிடம். இரண்டும் எம் பணப்பையைக் குறிவைப்பவையே.

நீலக்கல்லின் பின்னால் அநீதி இல்லையென்று நாம் சாதிக்கவில்லை. குழியிலிறங்குவோர் பலர் நிலையான கூலியின்றி, கல் கிடைத்தால் மட்டுமே பங்கு பெறுகின்றனர். பொகவந்தலாவையில் அனுமதிப்பத்திரமின்றி மாணிக்கக்கல் அகழ்ந்தோர் கைதான செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. கைதாவோர் வறியோர்; கல்லை வாங்கி விற்போரின் பெயர்களோ அச்செய்திகளிற் காணப்படுவது அரிது.

ஆய்வுகூடத்தில் ஆக்கிய வைரத்தின் விலையும் இன்று வெகுவாக வீழ்ந்துவிட்டது. 2018இல் டி பியர்ஸ் கம்பனியே அதனை விற்கத் தொடங்கியமை நகைப்புக்குரியது.

எம்மிடம் கேட்கும் மாணவருக்கு நாம் கூறுவது இதுதான்: கடன்படாமல் வாங்கத்தக்க சிறிய நீலக்கல் போதும். வெப்பமூட்டிய கல்லாயினும் இழுக்கில்லை, விலைதான் குறையவேண்டும். அதை விற்பவர் மறைக்கலாகாது. பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். ஐயமிருப்பின், பணம் கொடுக்குமுன் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்திற் காட்டிக்கொள்ளுங்கள்.