எஞ்சிய காந்தமும் தைனமோவின் தோற்றமும்

குறையாத வேகத்துடன் சுழலும் தைனமோ ஒன்று மின்னழுத்தம் தாராது நிற்பதுண்டு. கம்பி எதுவும் அறுந்திராது; ஆயினும் வோல்ற்றுமானியின் முள் மேலேறாது. இதன் காரணத்தை அறிய விரும்புவோர் 1867ஆம் ஆண்டின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

மைக்கேல் பரடே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டார். மறு ஆண்டிலேயே பாரிசில் பிக்சி என்பார் நிலைக்காந்தத்தைச் சுழற்றி மின்னோட்டம் பெறும் பொறியை அமைத்தார். நிலைக்காந்தமோ வலிமை குன்றியது. 1866இல் ஹென்றி வைல்ட், சிறிய காந்தப்பொறியொன்றின் மின்னோட்டத்தைப் பெரிய பொறியின் மின்காந்தங்களுக்கு ஊட்டிப் பெரும்பயன் கண்டார். எனினும் ஒரு பொறிக்கு மற்றொன்று துணைநிற்க வேண்டியிருந்தது.

அத்துணையும் வேண்டா என்பதே அடுத்த படி. மின்காந்தத்தின் இரும்பு, மின்னோட்டம் நின்ற பின்னரும் சிறிதளவு காந்தத்தைத் தன்னகத்தே வைத்திருக்கும். அந்த எஞ்சிய காந்தத்திடையே சுருள் சுழல, மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அது மின்காந்தத்தை வலுப்படுத்தும். வலுத்த காந்தம் மின்னோட்டத்தை மேலும் பெருக்கும். இரும்பு காந்தத்தால் நிறைவுறும் நிலையை அணுகும்போது இவ்வளர்ச்சி தானாகவே அடங்கும்.

1867 சனவரி 17இல் வேர்ணர் சீமென்ஸ் எழுதிய கட்டுரை பேர்லின் விஞ்ஞானக் கழகத்திற் படிக்கப்பட்டது. பெப்ரவரி 14இல் இலண்டன் றோயல் சங்கத்தில் அவர்தம் தம்பி வில்லியமும், சாள்ஸ் வீற்ஸ்ரனும் ஒரே நாளில் இதனையே எடுத்துரைத்தனர். வாலி என்பாரோ 1866 திசம்பரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அங்கேரித் துறவி ஜெட்லிக் இவர்களுக்கு முன்னரே இதனைக் கண்டிருந்தும் உலகறியச் செய்திலர். நூல்கள் பெரும்பாலும் சீமென்சின் பக்கமே சாய்கின்றன; அதனை முடிந்த தீர்ப்பாகக் கொள்ள எம் மனம் ஒப்பவில்லை.

இனி, முள் மேலேறாத பொறிக்கு மீள்வோம். வீற்ஸ்ரன் கையாண்டதுபோலக் காந்தச் சுருளைச் சமாந்தரமாக இணைத்த தைனமோவையே கொள்வோம். காந்தச் சுருளைக் கழற்றிவிட்டுப் பொறியைச் சுழற்றினால், எஞ்சிய காந்தம் உள்ளவிடத்து முள் சற்றே அசையும். சுருளை மீண்டும் இணைத்ததும் அச்சிற்றசைவும் குறையுமாயின், முனைகள் மாறியுள்ளன. அல்லது பொறி எதிர்த்திசையிற் சுழல்கின்றது. முதலிற் பிறந்த மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த காந்தத்தையே அழிக்கின்றது. முள் சிறிது ஏறி நின்றுவிடின், காந்தச்சுற்றின் தடை எல்லை மீறியதென ஐயுறலாம். தூரிகையிற் படிந்த அழுக்கே சிலவேளை அதற்குப் போதும். முள் சிறிதும் அசையாவிடின், எஞ்சிய காந்தமே அழிந்திருத்தல் கூடும். அப்போது மின்கலவடுக்கொன்றைக் காந்தச் சுருளுடன் உரிய திசையிற் சிறிது நேரம் இணைப்பர். வைல்டின் சிறுபொறி இடையறாது செய்த வேலையை இம்மின்கலவடுக்கு ஒருமுறை செய்துவிட்டு விலகுகின்றது.