தாய் தந்த கலங்கள்

கல்முனை, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கீழைக்கரை ஊர்களில், ஒருவர் எக்குடியினர் என்னும் வினாவுக்குத் தாயின் குடியே விடை பகரும். ‘இவர் நம்மவரா, பிறரா?’ என்னும் இத்தகைய வினாவை மனித உடலும் ஓயாது எழுப்பிக்கொண்டிருக்கிறது. எழுப்புபவை குருதியில் உலவும் நிணநீர்க்குழியங்கள். பிறரெனக் கண்டதை அழிப்பதே அவற்றின் தொழில். இக்காவலே நோயெதிர்ப்பு எனப்படும் நிர்ப்பீடனம். இக்காவற்படையை ஈன்றெடுப்பவை என்புமச்சையில் உறையும் மூலக்கலங்கள். படை வரம்பு மீறும்போது அதனை அடக்கும் கலங்களும் அம்மச்சையிலேயே உள்ளன. இவ்விரண்டும் அறியப்பட்ட வரலாறு, நேயர்களே, நெடியதொரு வரலாறாகும்.

1945ஆம் ஆண்டில் ஹிரோசிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்தபோது, வெடிப்புக்குத் தப்பியோர் பலர் சில வாரங்களுள் குருதிப்பெருக்காலும் தொற்றுநோயாலும் மாண்டனர். கதிர்வீச்சு அவர்தம் என்புமச்சையைச் சிதைத்தமையே காரணம். மச்சை அழிந்தால் குருதியும் அழியும், காவலும் அழியும் என்பதை உலகம் உணர்ந்தது. 1961இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் தில், மக்கலக் என்னும் அறிஞர் இருவர், கதிர்வீச்சுப் பட்ட எலிகளுக்கு மச்சைக் கலங்களை ஏற்றினர். எலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரு தனிக்கலத்தின் வழித்தோன்றல் என்பது பின்னர் தெளிவாயிற்று. அத்தாய்க்கலமே குருதியின் மூலக்கலம்.

1957 முதலே மனிதருக்கு மச்சை ஏற்ற முயன்றுவந்த அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார். தமிழகத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986இல் தொடங்கிற்று. ஆயினும் ஒரு பேரிடர் நின்றது. கொடையாளியின் மச்சையோடு அவருடைய காவற்படையும் நோயாளியின் உடலுட் புகுகின்றது. உடன்பிறந்தார் ஒருவரின் மச்சை முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. புகுந்த படை, தான் குடியேறிய உடலையே பகையெனக் கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குவதுண்டு.

இப்பூசலைத் தணிக்கும் ஆற்றல் மச்சையிலேயே ஒளிந்திருந்தது. மொஸ்கோவில் பிரீதென்ஸ்தீன் என்பார் 1960களிலும் 1970களிலும், குருதியை ஈனாது என்பையும் கசியிழையத்தையும் ஆக்கவல்ல வேறொருவகைக் கலங்களை மச்சையிற் கண்டார். நெடுங்காலம் அவை மச்சைக்குத் தாங்குநிலம் என்றே கொள்ளப்பட்டன. 2002 அளவில், அவை நிணநீர்க்குழியங்கள் பெருகுவதைத் தடுக்கின்றன என்று ஆய்வுகள் காட்டின. 2004இல் சுவீடனிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. மச்சையேற்றத்தின் பின் குடலும் ஈரலும் தாக்குண்டு, எம்மருந்துக்கும் பணியாதிருந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவன் தாயின் மச்சையிலிருந்து இக்கலங்களை எடுத்து வளர்த்து ஏற்றினர். பூசல் தணிந்தது. ஓராண்டின் பின்னும் சிறுவன் நலமுடன் இருந்தான் என்றது அறிக்கை.

இக்கலங்கள் செயற்படும் விதம் வியப்புக்குரியது. போர் மூண்ட காவற்கலங்கள் சுரக்கும் பொருளே இவற்றைத் துயிலெழுப்புகின்றது. எழுந்த இவை, அக்காவற்கலங்கள் பெருகுதற்கு வேண்டிய திரிப்தோபன் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கின்றன. வேகத்தைத் தணிக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. கலகத்தின் ஓசை கேட்டே அமைதி காப்போர் வருகின்றனர் எனலாம்.

எனினும் இது சஞ்சீவியன்று. பின்வந்த சோதனைகள் சில வென்றன, சில தோற்றன. மருந்துக்கு அடங்காத இப்பூசலுற்ற சிறுவர்க்கென 2024 டிசம்பரிலேயே அமெரிக்க அரசு இத்தகைய கலமருந்து ஒன்றை அங்கீகரித்தது. குருதி நோய்களுக்குரிய மூலக்கல ஏற்றம் தவிர்ந்த ஏனைய பயன்கள் யாவும் ஆய்வுநிலையினவே என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் அறிவுறுத்தியது. சிகிச்சை நாடிக் கடல் கடந்து செல்லும் நம் நாட்டவர், ‘மூலக்கலம் எல்லா நோயும் தீர்க்கும்’ என்னும் விளம்பரங்களைக் காணும்போது இவ்வறிவுரையை நினைவிற் கொள்க. நகையை ஈடுவைப்பதற்கு முன், ‘இது நிறுவப்பட்ட சிகிச்சையா, சோதனையா?’ என்று மருத்துவரிடம் வினவுவது நோயாளியின் உரிமையாகும்.