பார்த்தெல் சுட்டெண்

பார்த்தெல் சுட்டெண் என்பது பக்கவாதம், தலைக்காயம், தண்டுவடக் காயம் முதலிய பாதிப்புகளுக்கு உள்ளான ஒருவர் தம் அன்றாடச் செயல்களைப் பிறர் உதவியின்றி எந்த அளவுக்குச் செய்கிறார் என்பதை எண்ணால் குறிக்கும் அளவுகோல் ஆகும். பத்துச் செயல்களுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகை 0 முதல் 100 வரை அமைகிறது. நரம்பியல் மறுவாழ்வு மருத்துவத்தில் நோயாளியின் முன்னேற்றத்தை அறியவும், அவருடைய பிற்கால நிலையை முன்கணிக்கவும் இது பரவலாகப் பயன்படுகிறது.

வரலாறு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நாட்பட்ட நோயாளிகளுக்கான மருத்துவமனைகளில் 1955 முதல் இச்சுட்டெண் பயன்பாட்டில் இருந்தது. மருத்துவர் புளோரன்சு மகோனியும் இயன்மருத்துவர் டொரோத்தியா பார்த்தெலும் 1965இல் இதனை மேரிலாந்து மாநில மருத்துவ இதழில் வெளியிட்டனர். இரண்டாமவரின் பெயராலேயே இது அறியப்படுகிறது. 1988இல் பிரித்தானியாவில் கொலின், வேடு முதலியோர் 0 முதல் 20 வரையிலான வடிவத்தையும் தெளிவான வழிகாட்டுதல்களையும் வெளியிட்டனர். 1989இல் சா என்பவர் ஒவ்வொரு செயலையும் ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் திருத்திய வடிவத்தை அளித்தார்.

அமைப்பு

மூல வடிவில் உள்ள பத்துச் செயல்களும் அவற்றின் உயர் புள்ளிகளும் பின்வருமாறு:

1. உணவு உண்ணல் – 10
2. குளித்தல் – 5
3. முகம் கழுவுதல், பல் துலக்குதல், தலை வாருதல் – 5
4. உடை உடுத்தல் – 10
5. மலக் கட்டுப்பாடு – 10
6. சிறுநீர்க் கட்டுப்பாடு – 10
7. கழிப்பறையைப் பயன்படுத்தல் – 10
8. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் – 15
9. சமதளத்தில் நடத்தல் – 15
10. படியேறி இறங்குதல் – 10

புள்ளிகள் ஐந்தின் மடங்காகவே வழங்கப்படும். எடுத்துக்காட்டாக, சுமார் 45 மீட்டர் தொலைவைத் தனியே நடப்பவருக்கு 15 புள்ளிகளும், பிறர் துணையுடன் நடப்பவருக்கு 10 புள்ளிகளும், நடக்க இயலாமல் சக்கர நாற்காலியைத் தாமே செலுத்துபவருக்கு 5 புள்ளிகளும் கிடைக்கும்.

மதிப்பிடும் முறை

நோயாளி எதைச் செய்ய வல்லவர் என்பதன்று, நடைமுறையில் எதைச் செய்கிறார் என்பதே பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின் அடிப்படை விதியாகும். உடை உடுத்தும் திறன் ஒருவருக்கு இருந்தும், நேரமாகிறது என்று உறவினர் நாள்தோறும் உடுத்திவிட்டால் அவருக்கு முழுப்புள்ளி கிடையாது. அருகில் ஒருவர் நின்று கண்காணிக்க வேண்டியிருந்தாலும் அது தற்சார்பு ஆகாது. ஆனால் கைத்தடி போன்ற துணைக்கருவிகளைப் பயன்படுத்தலாம். நோயாளி, உறவினர், செவிலியர் ஆகியோரிடம் கேட்டே பெரும்பாலும் மதிப்பிடலாம். செய்து காட்டச் சொல்லும் தேவை இல்லை.

முன்கணிப்பு

மறுவாழ்வுச் சிகிச்சையின் தொடக்கத்தில் உள்ள சுட்டெண், சிகிச்சை முடிவில் நோயாளி அடையும் நிலையைக் கணிக்க உதவும் முதன்மைக் காரணிகளுள் ஒன்றாகும். முதுமை, தொடக்கத்தில் சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லாமை, உட்காரும்போது சமநிலை இல்லாமை ஆகியவையும் குறைந்த முன்னேற்றத்தோடு தொடர்புடையவை. 1979இல் கிரேஞ்சரும் அவருடைய குழுவினரும் 60 என்ற மதிப்பைத் திருப்புமுனையாகக் குறிப்பிட்டனர். இதற்குக் கீழே உள்ளோர் பெரும்பாலும் பிறரைச் சார்ந்தும், மேலே உள்ளோர் ஓரளவு உதவியுடன் தற்சார்பாகவும் வாழ்கின்றனர்.

டென்மார்க்கின் கோபனேகன் பக்கவாத ஆய்வு 1,197 நோயாளிகளின் சுட்டெண்ணை வாரந்தோறும் பதிவு செய்தது. 1995இல் வெளியான முடிவுகளின்படி, 95 விழுக்காட்டினர் தம் உயர்ந்த நிலையைப் பன்னிரண்டரை வாரங்களுக்குள் அடைந்தனர். இதற்கான காலம் இலேசான பாதிப்பு உடையோருக்கு 8.5 வாரங்கள், மிகக் கடுமையான பாதிப்பு உடையோருக்கு 20 வாரங்கள். பக்கவாதத்தில் மூன்று மாதங்களுக்குப் பின் முன்னேற்றம் இல்லை என்று பரவலாகச் சொல்லப்படுவதை இத்தகைய முடிவுகளைக் கொண்டு நிறுவிவிட முடியாது. 100 புள்ளிகளை எட்டியவர் அதன்பின் அடையும் முன்னேற்றத்தையும், இரு நிலைகளுக்கு இடைப்பட்ட சிறு முன்னேற்றத்தையும் இச்சுட்டெண் காட்டாது.

மேலும், இது செயல் நிறைவேறியதா என்பதை மட்டுமே அளக்கிறது. செயலிழந்த கை மீளாமலேயே மறுகையால் உடுத்தப் பழகியவரும் முழுப்புள்ளி பெறுவார். எனவே கையின் மீட்சியைக் கணிக்க வேறு அறிகுறிகள் தேவைப்படுகின்றன. குருதிக்குழாய் அடைப்பால் முதன்முறை பக்கவாதம் ஏற்பட்டோரிடம் நெதர்லாந்தில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. அதன்படி, 72 மணி நேரத்துக்குள் விரல்களை ஓரளவு நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் உயர்த்தவும் முடிந்தவர்கள் ஆறு மாதங்களில் ஓரளவேனும் கைத்திறன் பெறும் வாய்ப்பு 98 விழுக்காடு. இவ்விரண்டும் இயலாதவர்களுக்கு அது 25 விழுக்காடு. அதாவது, தொடக்கத்தில் அவ்விரு அசைவுகளும் இல்லாதவர்களிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஓரளவு கைத்திறன் பெறுகிறார்.

இத்தகைய விழுக்காடுகள் குழுவைப் பற்றியவை. தனியொருவரின் முடிவைத் தீர்மானிப்பவை அல்ல. தொடக்க மதிப்பு குறைவு என்பதற்காக ஒருவருக்குப் பயிற்சி குறைக்கப்பட்டால், அவர் முன்னேறாமல் போவதற்கு அக்கணிப்பே காரணமாகிவிடக்கூடும்.

வரம்புகள்

ஒரே கூட்டுத்தொகை வெவ்வேறு நிலைகளைக் குறிக்கலாம். ஒருபக்கம் செயலிழந்து, பிறர் துணையுடன் நடந்து, உண்ணவும் உடுத்தவும் உதவி தேவைப்படும் ஒருவர் 55 புள்ளிகள் பெறலாம். தண்டுவடக் காயத்தால் நடக்க இயலாமல், தாமே உண்டு உடுத்தி, சக்கர நாற்காலியைச் செலுத்தி, சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லாத ஒருவரும் 55 பெறலாம். இருவருக்கும் வீட்டில் தேவைப்படும் உதவி வேறு. ஆகவே மொத்த எண்ணோடு தனிப்புள்ளிகளையும் பார்ப்பது அவசியம்.

நினைவாற்றல், பேச்சு, மனச்சோர்வு ஆகியவை இதில் இடம்பெறவில்லை. 100 புள்ளிகள் பெற்றவர் தனித்து வாழ வல்லவர் என்று பொருளல்ல என மகோனியும் பார்த்தெலுமே குறிப்பிட்டுள்ளனர். சமைத்தல், வீட்டைப் பராமரித்தல், வெளியாரோடு பழகுதல் ஆகியன அவருக்கு இயலாமல் இருக்கலாம். தரையில் அமர்ந்து எழுதல், குந்தி அமரும் கழிப்பறையைப் பயன்படுத்தல் போன்றவையும் தனியாக மதிப்பிடப்படுவதில்லை. அவ்வழக்கம் உள்ள வீடுகளுக்குத் திரும்புவோரிடம் இவற்றைத் தனியே கேட்டறிய வேண்டும்.

பிற அளவுகோல்கள்

செயல்சார் தற்சார்பு அளவீடு 1980களில் அமெரிக்காவில் உருவானது. இது 13 இயக்கச் செயல்களையும் 5 அறிதிறன் செயல்களையும் கொண்டு 18 முதல் 126 வரை அளக்கிறது. சான் ராங்கின் 1957இல் வெளியிட்ட அளவுகோலின் திருத்திய வடிவம், குறைபாடின்மை முதல் இறப்பு வரை 0 முதல் 6 வரையிலான எண்களால் குறிக்கிறது. 1975இல் சுவீடனில் வெளியான பியூகல்-மையர் மதிப்பீடு, செயல் நிறைவேறியதா என்பதை விடுத்து, பாதிக்கப்பட்ட உறுப்பின் அசைவையே அளக்கிறது; இதில் கைக்கு உரியவை 66 புள்ளிகள்.

இவற்றையும் பார்க்க

பக்கவாதம்
இயன்மருத்துவம்
கிளாசுக்கோ ஆழ்மயக்க அளவுகோல்