நகரத்தின் நுரையீரல்

பூங்காவைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது பத்திக்குள் ‘நகரத்தின் நுரையீரல்’ என்ற சொல் வந்துவிடும். செய்தித்தாளில் வரும், மேடைப் பேச்சில் வரும், வேலியில் மாட்டிய பலகையிலும் வரும். இந்தச் சொல்லுக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1808-இல் லண்டன் ஹைட் பூங்காவில் வீடுகள் கட்டலாமா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. வில்லியம் விண்டம் என்ற உறுப்பினர் அதை எதிர்த்துப் பேசும்போது, பூங்காக்கள்தாம் லண்டனின் நுரையீரல் என்று சாத்தம் பிரபு சொன்னதை எடுத்துக்காட்டினார்.

கொஞ்சம் யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். நுரையீரல் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடுகிறது. பூங்கா இதற்கு நேர்மாறாகச் செய்கிறது என்று நம்பித்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். உண்மையில் பூங்கா எடுப்பது எவ்வளவு, விடுவது எவ்வளவு என்று அளந்து பார்க்க அறிவியலுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நான் பள்ளியில் வேதியியல் நடத்திய காலத்தில் ஜோசப் பிரீஸ்ட்லியின் புதினாவைச் சொல்லாத ஆண்டே கிடையாது. 1771 ஆகஸ்ட் 17 அன்று, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் இன்னொரு மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. கெட்ட காற்றைச் செடி நல்லதாக்குகிறது! இதைக் கேள்விப்பட்ட பெஞ்சமின் பிராங்க்ளின், வீட்டருகே நிற்கும் மரங்களை வெட்டித் தள்ளும் வெறி இனியாவது குறையும் என்று நம்புவதாக அவருக்கு எழுதினார். நகரத்து மரத்துக்கும் நகரத்துக் காற்றுக்கும் முடிச்சுப் போட்டது அப்போதே தொடங்கிவிட்டது.

பிரீஸ்ட்லிக்கு ஒரு சிக்கல் இருந்தது. அதே சோதனை சில சமயம் பலித்தது, சில சமயம் பலிக்கவில்லை. காரணத்தைக் கண்டவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். வியன்னா அரச குடும்பத்துக்கு அம்மைப்பால் குத்தியவர். 1779 கோடையில் லண்டனுக்கு வெளியே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்து, அதே ஆண்டில் புத்தகமாகவும் போட்டார். செடியின் பச்சைப் பாகம் வெயில் படும்போது மட்டுமே காற்றைச் சுத்தம் செய்கிறது. இருட்டில் எல்லாச் செடியும் காற்றைக் கெடுக்கிறது. இதுதான் அவருடைய முடிவு. அதாவது செடியின் கணக்கில் வரவும் உண்டு, செலவும் உண்டு. இது 1779-லேயே தெரிந்த விஷயம். ஆனால் மேடையில் எடுபட்டது வரவு மட்டும்தான்.

இங்கன்ஹவுஸ் விட்டுவிட்ட இடம் ஒன்று உண்டு. அது மண். உதிர்ந்த இலை, செத்த வேர், புழு, பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் சேர்ந்து மண்ணுக்குள் இரவு பகலாக மூச்சு விடுகின்றன. அந்த மூச்சு கரியமில வாயுவாக மேலே வருகிறது. 1920-களில் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஹென்ரிக் லுண்டகார்த் தரைமேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவை அளந்தார். யோசனை எளிது. மூடியை வைத்ததும் ஒரு முறை அளக்க வேண்டும், சிறிது நேரம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். எவ்வளவு ஏறியதோ அதுதான் மண்ணின் மூச்சு.

இன்றைக்கும் இதே முறைதான். என் தம்பி மகள் நகரப் பூங்காக்களின் வாயுப் பரிமாற்றத்தைத்தான் முனைவர் பட்டத்துக்கு எடுத்திருக்கிறாள். தரையில் ஒரு வளையத்தைப் புதைத்து வைத்திருப்பாள். குறித்த நாளில் போய் அதன்மேல் மூடியைப் பொருத்தி, ஊசிக்குழாயால் சில நிமிடத்துக்கு ஒரு முறை காற்றை உறிஞ்சிச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைப்பாள். மரத்தடியில் ஒன்று, புல்வெளியில் ஒன்று, நடைபாதை ஓரத்தில் ஒன்று. வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் இதே வேலை. காவலாளி முதலில் ஏதோ மாந்திரீகம் என்று நினைத்தாராம். “பெரியப்பா, மரத்த எல்லாரும் அண்ணாந்து பாக்குறாங்க. கீழ மண்ண யாரும் பாக்குறதில்ல” என்றாள் ஒரு நாள். இந்தக் கட்டுரைக்கு விதை போட்டது அந்தப் பேச்சுத்தான்.

அவள் குப்பிகளில் தேடுவது மூன்று வாயுக்கள். கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு. மூன்றாவது, நாம் சிரிப்பூட்டும் வாயு என்று படித்தது. அதையும் 1772-இல் முதலில் தயாரித்தவர் அதே பிரீஸ்ட்லிதான். எடைக்கு எடை, நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைப் போல் சுமார் 273 மடங்கு பூமியைச் சூடாக்கும். காற்றில் மிக மிகக் குறைவாக இருப்பதால் அதை அளப்பது கடினம். 1957-இல் ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கிய எலக்ட்ரான் பிடிப்பு உணர்கருவி வந்த பிறகுதான் ஒரு குப்பிக் காற்றில் அதை நம்பகமாக அளக்க வழி பிறந்தது.

இந்த வாயு பூங்காவுக்கு எப்படி வந்தது? அதற்குப் புல்வெளியின் கதையைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் 1830-இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் அரிவாளும் ஆடும் செய்த வேலையை இயந்திரம் எளிதாக்கியது. பிறகு 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஊரில் காற்றிலிருந்து அமோனியா எடுக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. அந்த வழியில் வந்த நைட்ரஜன் உரம் வயலுக்குப் போனது போலவே புல்வெளிக்கும் போனது. உரம் போட்டு, உடனே தண்ணீர் விட்டு, ஆட்கள் நடந்து நடந்து மண் இறுகிவிட்டால் உள்ளே காற்றுப் புகாது. அந்த நிலையில் மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் உரத்தின் ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடாக்கி வெளியே விடும்.

இது எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு 2004-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸ் வட்டாரத்தில் 1,578 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டார்கள். நகரப் புல்வெளிகள் அதில் 6.4 விழுக்காடுதான். ஆனால் அந்த வட்டாரத்து மண்ணிலிருந்து வந்த நைட்ரஸ் ஆக்சைடில் 30 விழுக்காடு வரை அவற்றின் பங்கு. பால்டிமோர் நகரில் நடந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. காட்டு மண்ணில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. கிராமப்புறக் காட்டில் அவை நன்றாக வேலை செய்தன, நகரத்துக் காட்டில் மிகவும் மந்தம், புல்வெளியில் அந்த வேலை ஏறக்குறைய நடக்கவே இல்லை.

இவையெல்லாம் குளிர்நாட்டுக் கதை, வெப்ப நாட்டில் ஆண்டு முழுவதும் மரம் பச்சையாக இருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குச் சிங்கப்பூரில் பதில் இருக்கிறது. அங்கே தெலோக் குராவ் என்ற குடியிருப்புப் பகுதியில் உயரமான கம்பத்தில் கருவிகளை வைத்து, மேலும் கீழும் போகும் காற்றையும் அதிலுள்ள கரியமில வாயுவையும் நொடிக்குப் பலமுறை அளந்தார்கள். கூடவே மரங்களையும் எண்ணினார்கள். முடிவு 2013-இல் வந்தது. ஒரு சதுர கிலோமீட்டரில் செடிகொடிகள் பகலில் நாளொன்றுக்கு 4.0 டன் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டன. இரவில் 2.6 டன்னைத் திருப்பி விட்டன. மிச்சம் 1.4 டன். அந்தப் பகுதி வெளிவிடும் மொத்தத்தில் அது 8 விழுக்காடு. இதுவரை நல்ல செய்தி. ஆனால் மண்ணின் மூச்சையும் சேர்த்தபோது கணக்குத் தலைகீழானது. மரமும் மண்ணும் சேர்ந்து, எடுத்ததைவிட விட்டதுதான் அதிகம். மொத்தத்தில் 4 விழுக்காடு அவற்றின் பங்கு.

இங்கன்ஹவுஸ் 1779-இல் சொன்ன இரவுக் கணக்கு இதில் அப்படியே இருக்கிறது. அவர் விட்டுப்போன மண்ணும் சேர்ந்துவிட்டது. ‘நுரையீரல்’ என்ற சொல்லும் நினைத்ததைவிடப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது!

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பூங்கா எதற்கு, மரம் எதற்கு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மரம் நிழல் தருகிறது, தரையைக் குளிர வைக்கிறது, மழைநீரை மண்ணுக்குள் இறக்குகிறது, பறவைக்கு இடம் தருகிறது. வீட்டில் குளிர்சாதனம் இல்லாதவனுக்கு மதிய வெயிலில் அதைவிட வேறு கதி இல்லை. இந்தக் காரணங்களுக்கு எந்தக் கருவியின் சான்றிதழும் வேண்டாம். பெரிய பழைய மரம் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த கரியை வெட்டிய பிறகு எளிதில் திரும்பப் பெறவும் முடியாது.

வேண்டாதது வேறு. சாலையை அகலமாக்க நாற்பது மரத்தை வெட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு புல்வெளி போட்டு, கணக்குச் சரியாகிவிட்டது என்று சொல்கிறார்களே, அதுதான். மரத்துக்குப் புல் ஈடாகாது. வண்டிப் புகைக்குப் பூங்கா ஈடாகாது என்பதைச் சிங்கப்பூர்க் கணக்குக் காட்டிவிட்டது. புகையைப் புகை வரும் இடத்தில்தான் குறைக்க வேண்டும்.

பூங்காவைப் பராமரிப்பவர்களுக்கும் இந்தக் கதையில் சேதி உண்டு. உரத்தை அளந்து போட வேண்டும். உரம் போட்ட கையோடு தண்ணீரைத் தேக்கக் கூடாது. நடப்பதற்குப் பாதையை ஒதுக்கி, மரத்தடி மண்ணை இறுக விடாமல் காக்க வேண்டும். சருகைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே மட்க விட வேண்டும். சருகு மட்கும்போதும் கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆனால் ஒரு பங்கு மண்ணில் தங்கும், மண் பொலபொலப்பாகும், புகையும் இல்லை.

அடுத்த முறை பூங்காவுக்குப் போகும்போது ஒரு மரத்தடியில் கொஞ்சம் மண்ணைக் கிள்ளிப் பாருங்கள். விரலில் உதிர்கிறதா, களிமண் கட்டியாக இறுகியிருக்கிறதா என்று. அந்தப் பூங்கா எப்படி மூச்சு விடுகிறது என்பதில் பாதி அதிலேயே தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு என் தம்பி மகளின் குப்பிகள் வேண்டும்.