எண்ணிய பிறகே வலை

மீன்பிடித் தொழிலின் நவீன வரலாற்றை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: முதலில் பிடித்தார்கள், தீர்ந்த பிறகு எண்ணினார்கள். இந்த வரிசையை மாற்றிப் பார்க்கும் ஒரு முயற்சி நம் காலத்தில், வட துருவக் கடலில் நடந்துகொண்டிருக்கிறது. இன்று அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கதை பேரிங் கடலில் தொடங்குகிறது. அமெரிக்காவின் 200 கடல் மைல் எல்லைக்கும் ரஷ்யாவின் எல்லைக்கும் நடுவே ஒரு துண்டுக் கடல் யாருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சியது. ‘டோனட் ஓட்டை’ என்று அதற்குப் பட்டப்பெயர். 1980களில் பல நாட்டுக் கப்பல்கள் அங்கே பொல்லாக் மீனை அள்ளிக் குவித்தன. 1989இல் மட்டும் சுமார் 14 லட்சம் டன். மூன்றே ஆண்டுகளில் வலைகள் ஏறக்குறைய வெறுமையாகத் திரும்பின. 1993இல் மீன்பிடிப்பை நிறுத்தினார்கள். 1994இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. நல்ல ஒப்பந்தம்தான், ஆனால் காப்பாற்ற வேண்டிய மீன் அதற்குள் போய்விட்டது.

இதேபோல, ஆனால் பல மடங்கு பெரிய பொதுக்கடல் ஒன்று ஆர்க்டிக்கின் நடுவிலும் இருக்கிறது. பரப்பு சுமார் 28 லட்சம் சதுர கிலோமீட்டர். அதைக் காத்தது பனிதான். 2007இலும் 2012இலும் கோடைக்காலப் பனி அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைந்த அளவுக்குச் சுருங்கியபோது, அந்தக் காவல் தளர்வது தெரிந்தது. 2012இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2018 அக்டோபர் 3 அன்று, கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்திட்டன. ஒரு மீன்கூட வணிகத்துக்காகப் பிடிக்கப்படாத கடலில், பிடிப்பதற்கு முன்பே போட்ட தடை அது. கூடவே ஒரு கடமை: கூட்டாக ஆய்வு செய்து, அங்கே என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும்.

எப்படி அறிவது? பல இடங்களில் ஆழம் 4000 மீட்டரைத் தாண்டும். மேலே பனி. மற்ற கடல்களில் இழுவலை போட்டு மாதிரி எடுப்பார்கள். இங்கே வலையை இழுக்க வழியில்லை. பனியை உடைத்துச் செல்லும் கப்பலின் இரைச்சலோ எதிரொலிக் கருவியின் காதை அடைத்துவிடும்.

விடை ஒரு பழைய உத்தியில் கிடைத்தது. 2019இல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் தன்னைப் பனியில் உறையவிட்டு, பனியோடு மிதந்தது. 1893இல் நார்வேயின் நான்சென் ‘ஃப்ராம்’ கப்பலில் செய்ததும் இதைத்தான். மிதக்கும் கப்பலிலிருந்து ஒலி அனுப்பிக் கேட்டார்கள். ஆழத்துக்குக் கேமரா இறக்கினார்கள். பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்டார்கள். சில நூறு மீட்டர் ஆழத்தில், அட்லாண்டிக்கிலிருந்து வரும் சற்றே வெதுவெதுப்பான நீரடுக்கில், சிறு மீன்களும் கணவாய்களும் மெல்லிய படலமாகப் பரவியிருந்தன. யாரும் எதிர்பாராத விதமாக, அட்லாண்டிக் காட் மீன்கள் சிலவும் தூண்டிலில் வந்தன. மரபணுவைப் பார்த்தபோது அவை நார்வேக் கரையில் பிறந்த இனம் என்று தெரிந்தது. ஆனால் மீன்கள் மிகவும் சொற்பம். தொழில் நடத்த அங்கே எதுவும் இல்லை.

இந்த ஆய்வில் ஒரு சங்கடமும் உண்டு. மீன் எங்கே இருக்கிறது என்று காப்பவருக்குச் சொல்லும் வரைபடம், பிடிப்பவருக்கும் வழி காட்டும். அதனால் எத்தனை மீன் என்ற கேள்வி மட்டும் போதாது. அந்த மீனை நம்பி எந்தச் சீல் வாழ்கிறது, அந்தச் சீலை நம்பி எந்தக் கரடி, எந்த இனுயிட் குடும்பம் என்பதும் கணக்கில் வர வேண்டும். பூர்வகுடிகளின் அறிவையும் ஆய்வில் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது.

2021இல் நடைமுறைக்கு வந்த அந்தத் தடைக்கு ஆயுள் 16 ஆண்டுகள். 2037இல் ஒரே ஒரு தரப்பு மறுத்தாலும் அது நீளாது. அன்று மேசையில் வைக்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டும். பேரிங் கடலுக்காகக் கூடியவர்களிடம் அது இருக்கவில்லை.